அடலீதின் பெயரைக் கூப்பிட்டார்கள்

நோல்வியா காப்பிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கோவிலின் பக்கவாசலில் நுழைந்தபோதுதான் உபதேசியார் எலீசெயோ அவள் கணவனின் பெயரைக் கூப்பிட்டார். அடலீத் மெஹீயா. கோவில் நிறைந்த கூட்டம் வழக்கம்போல ஒரே குரலில் "இங்கே இருக்கிறார்" என்றது. பழக்கதோஷம், நானும் அவர்களோடு சேர்ந்து வாயைத் திறந்துவிட்டேன். பாதியில்தான் உறைத்தது.

ஆற்றைச் சுரங்கக் கம்பெனியிடமிருந்து காப்பாற்றப் போய் உயிரை விட்டவர்களை வருஷத்துக்கு ஒருநாள் கோவிலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் சேய்பித்தா ஊரின் வழக்கம். உபதேசியார் ஒவ்வொரு பெயராகச் சொல்வார். நாங்கள் "இங்கே இருக்கிறார்" என்போம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஆற்றுக்கல்லைப் பீடத்துக்கு முன்னால் விரித்த துணியில் வைப்பார்கள். செத்தவர்களுக்கு மட்டுமே உரிய மரியாதை அது. அடலீத் செத்ததை யாரும் பார்க்கவில்லை. நவம்பரில் மோட்டார் சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. பாலத்துக்கு அடியில் வண்டி மட்டும் கிடந்தது. நம்பர் பலகை இல்லாத ஒரு வண்டி அந்தப் பக்கம் போனதைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். பிறகு அவர்களும் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.

நோல்வியா காப்பிப் பாத்திரத்தைப் பெஞ்சில் வைத்தாள். நேராகப் பீடத்துக்கு நடந்து, அடலீதுக்கென்று அப்போதுதான் வைத்த கல்லை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் செபம் அன்று பாதியிலேயே நின்றது. அதன் பிறகு அவள் எல்லோருக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். குழந்தைகளுக்குச் சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தாள். உபதேசியாருக்கு மட்டும் கொடுக்கவில்லை.

அவள் மகள் யெய்மிக்கு நான்தான் ஞானத்தாய். அதனால் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் அழைப்போம். அடலீதைப் பற்றி மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் அதிகம் தெரியும். அவன் ஒன்றும் புனிதர் இல்லை. நோல்வியாவின் தொல்லை தாங்காமல்தான் கோவிலுக்கு வருவான். வந்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்குவான். சுருதி சேராத ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர்களின் உயிரை வாங்குவான். சுரங்கத்துச் சேறு கலந்த தண்ணீரைக் குடித்து அவனுடைய இரண்டு மாடுகளும் செத்துப்போன பிறகுதான் சுரங்கத்தை எதிர்த்து நாங்கள் போட்டிருந்த ஆற்றங்கரைப் பந்தலில் எங்களோடு வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகு எழுந்து போகவில்லை. அவனைப் பற்றிச் சொல்ல வேண்டிய பெரிய விஷயம் அதுதான். அவன் காணாமல் போன பிறகு நகரத்திலிருந்து வந்த இயக்கத்துக்காரர்கள் அவன் படத்தைப் பெரிய துணியில் அச்சடித்துக் கொண்டுவந்து கட்டினார்கள். யெய்மியின் ஞானஸ்நானத்தில் எடுத்த படம் அது. மடியில் இருந்த குழந்தையை வெட்டிவிட்டு அப்பனை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். அவன் நெஞ்சில் ஒரு குட்டிக் கை மட்டும் மிச்சமிருந்தது. நோல்வியா அந்தத் துணியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, அவருக்கு அந்தச் சட்டை பிடிக்கவே பிடிக்காது என்று என்னிடம் சொன்னாள்.

எங்கள் கோவிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூசை வைக்கப் பங்குசாமி எப்போதாவதுதான் வருவார். முன்பு இருந்தவர் எங்களோடு பந்தலில் உட்கார்ந்து பீன்ஸ் சாப்பிட்டார் என்பதற்காகவே அவரை மலைக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது வந்திருப்பவரிடம் சுரங்கத்தைப் பற்றிக் கேட்டால் பொறுமையைப் பற்றிப் பேசுவார். கோவிலுக்குப் புதுக்கூரை போட்டுத் தருவதாகக் கம்பெனி சொன்னது, வேண்டாம் என்றோம். மழை வந்தால் இன்னமும் நனைகிறோம். ஞாயிறுதோறும் உபதேசியார் நற்செய்தியை வாசிப்பார், அது நம் ஊரில் இன்று எங்கே நடக்கிறது என்று நாங்கள் பேசுவோம். சாராயக்கடைக்காரன்கூடப் பேசுவான். அப்படித்தான் தவக்காலத்தில் ஒருநாள், நீதிபதியின் கதவை விடாமல் தட்டிய கைம்பெண்ணின் கதை வந்தது. அந்தக் கைம்பெண் நம் நோல்வியாதான் என்று ஒருவர் ஆர்வமாகச் சொன்னார். நோல்வியா எழுந்து, கதவைத் தட்டுவதெல்லாம் சரி, ஆனால் தான் கைம்பெண் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். உபதேசியார் முன்வரிசையில்தான் இருந்தார், அவர் காதிலும் அது விழுந்தது. விழுந்தும் பெயரைக் கூப்பிட்டாரே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் காலையில் அவர் என் பெட்டிக்கடைக்கு வந்தார். நோல்வியா அங்கேதான் சோளமாவு வாங்கிக்கொண்டிருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை. அந்தப் பெயர்களின் வரிசையில் அவருடைய தம்பியின் பெயரும் இருக்கிறது. அவனையும் வண்டியில் வந்துதான் தூக்கிப் போனார்கள். இரண்டு வாரம் கழித்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிணமாகக் கிடைத்தான். அதற்குப் பிறகும் மனுஷர் ஒரு ஞாயிறுகூட நற்செய்தி வாசிப்பதை நிறுத்தவில்லை.

"பேரைச் சொல்லலைன்னா நாம பயந்துட்டோம்னு கம்பெனிக்காரன் நெனப்பான், நோல்வியா," என்றார். "அடலீத் நமக்காகப் போனவன். அவனை மட்டும் எப்படி விடறது?"

"நீங்க அவரைப் பொதைச்சிட்டீங்க, உபதேசியாரே. குழிதான் இன்னும் தோண்டல," என்றாள் அவள்.

மாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு போனார். அவருக்குப் புகைபிடிக்கும் பழக்கமே கிடையாது.

இதோடு போயிருந்தால் ஊர்ச் சண்டையாக முடிந்திருக்கும். காலம் ஆற்றிவிடும் என்று நானும் இருந்திருப்பேன். ஆனால் நகரத்து நீதிமன்றத்தில் நோல்வியாவின் மனு ஒன்று இருந்தது. அடலீதை உயிரோடு எங்கோ அடைத்து வைத்திருக்கிறார்கள், அந்த இடம் கம்பெனியின் வேலிக்கு உள்ளே இருக்கலாம், உள்ளே போய்ப் பார்க்க உத்தரவு வேண்டும் என்பது மனு. அவள் மாதக்கணக்காக அலைந்து, ஒவ்வொரு மேசையிலும் நின்ற பிறகு, கடைசியில் ஒரு பெண் நீதிபதி அதைக் கேட்கச் சம்மதித்திருந்தார். உத்தரவு கிடைத்தால் போலீசும் நாய்களும் வேலிக்குள் போகும். உயிரோடு இருக்கிற ஆளைத் தேடத்தான் அந்த உத்தரவு. செத்தவனுக்கு அது செல்லாது. செத்தவன் என்றால் வேறு அலுவலகம், வேறு வரிசை. அந்த வரிசையில் உபதேசியார் தம்பியின் வழக்கு இன்னும் நிற்கிறது.

நாங்கள் இருவரும் பஸ் ஏறிப் போனபோது, வழக்கைக் கவனிக்கும் இளம் அதிகாரி எங்களுக்கு நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். அவர் இப்படி உபசரித்தால் ஏதோ கெட்ட செய்தி என்று நோல்வியாவுக்குத் தெரியும். அவள் தண்ணீரைத் தொடவில்லை. அவர் தன் போனை எடுத்து எங்கள் பக்கம் திருப்பினார். எங்கள் கோவில்தான். எங்கள் கூரை, எங்கள் துணி, எங்கள் கற்கள். ஊர் வானொலிப் பையன்கள் பெருமையாகப் படம்பிடித்து இணையத்தில் போட்டதைக் கம்பெனி வக்கீல் எடுத்து நீதிபதியிடம் கொடுத்துவிட்டார். அடலீத் மெஹீயா என்று உபதேசியார் கூப்பிடுகிறார். எல்லோரும் பதில் சொல்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் என் தலையும் தெரிந்தது.

"உங்க கோவில்லயே அவரைச் செத்தவங்களோட சேத்துக் கூப்பிட்டிருக்காங்கம்மா," என்றார் அதிகாரி. "இனிமே நான் மேல போய் என்னத்தச் சொல்ல?"

"அவங்க கூப்பிட்டாங்க சார். நான் பதில் சொல்லல," என்றாள் நோல்வியா.

அவருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது, அதனால் அவள் பக்கம் திரும்ப முடியாமல் சுவரில் மாட்டியிருந்த கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டவர் நீதிபதியின் முன் வந்து அது தவறு என்று சொன்னால் இன்னும் வழியிருக்கிறது என்று அதிகாரி சொன்னார். ஊருக்குத் திரும்பியதும் நான்தான் உபதேசியாரின் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டதும், வருகிறேன், சொல்கிறேன், எத்தனை தடவை கேட்டாலும் சொல்கிறேன் என்றார். அவர் மனைவி அன்று மாலையே அவருடைய வெள்ளைச்சட்டையைத் தோய்த்துக் கொடியில் போட்டாள்.

நீதிமன்றம் சின்ன அறைதான். மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. உபதேசியார் கையை உயர்த்திச் சத்தியம் செய்தார். பிறகு, இறந்தவர்களோடு அடலீதின் பெயரைச் சொன்னது தன் தவறு என்றும், அவன் மனைவியைக் கேட்காமல் செய்தது என்றும், ஊர் அதற்குப் பொறுப்பில்லை என்றும் சொன்னார். தெளிவாகத்தான் சொன்னார். நோல்வியாவின் தோள்கள் இறங்கியதை நான் பார்த்தேன். உளுத்துப்போன உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்தது போல எனக்கும் ஒரு தைரியம் வந்தது.

கம்பெனி வக்கீல் எழுந்தார். வெடுக்கு வெடுக்கென்று பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மரியாதையாகவே பேசினார். உபதேசியார் எத்தனை ஆண்டுகளாக வேதம் வாசிக்கிறார் என்று கேட்டார், அவருடைய தம்பிக்காக வருத்தம் தெரிவித்தார்.

"பெயரைச் சொன்னது சரியா தப்பான்னு நான் கேக்கல ஐயா," என்றார் வக்கீல். "நீங்க சத்தியம் பண்ணியிருக்கீங்க. உங்க மனசுல அடலீத் உயிரோட இருக்காரா?"

தெரியாது என்றார் உபதேசியார். தெரியுமா என்று கேட்கவில்லை, நம்புகிறீர்களா என்றுதான் கேட்கிறேன் என்றார் வக்கீல். மின்விசிறி சுற்றியது. உபதேசியார் நோல்வியாவைப் பார்த்தார். அவள் கண்ணெடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று சொல்லித் தொலையும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரே ஒரு வார்த்தை. கடவுளுக்குக் கேட்டால் கேட்டுவிட்டுப் போகிறது.

"இல்லீங்க," என்றார் அவர். "நான் அப்படி நம்பல."

நீதிபதி கொஞ்சநேரம் காகிதங்களைப் பார்த்தார். நல்ல அம்மாதான், அவருக்கும் அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் உத்தரவு தர முடியாது என்றார். உடல் கிடைத்தால் வேறு அலுவலகம் தொடர்ந்து விசாரிக்கும் என்றார். எங்கே போய் உடலைத் தேடுவது என்று நான் கேட்டுவிட்டேன். என்னை உட்காரச் சொன்னார்கள்.

திரும்பும் பஸ்ஸில் நோல்வியா கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தாள். உபதேசியார் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். நான் நடுவில் நின்று பார்த்துவிட்டு அவரிடம்தான் போனேன். ஆத்திரத்தில் என்னென்னவோ சொன்னேன். ஊர் கூடி நின்று சண்டை போடத் தெரிகிறது, பந்தலில் ராப்பகலாக உட்காரத் தெரிகிறது, ஒரு பெண்பிள்ளைக்காக ஒரு பொய் சொல்லத் தெரியவில்லையா என்று கேட்டேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார். "அவங்க சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்றாங்கன்னுதானே இத்தன வருஷமா கத்திட்டிருக்கோம். என் தம்பி கேஸ்லயும் அப்படித்தானே சொன்னாங்க. அதே சாட்சி நாற்காலில ஒக்காந்து நானும் சொன்னா, அப்புறம் எதுக்கு இந்தக் கோவில்?"

அவர் சொன்னது சரி என்று என்னால் இப்போதும் சொல்ல முடியாது. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் கூசாமல் சொல்லியிருப்பேன். அவன் நேற்றுக்கூட என் கடைக்கு வந்து சிகரெட் வாங்கினான் என்று சேர்த்தே சொல்லியிருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு நோல்வியா ஞாயிறுகளில் கோவிலுக்கு வரவில்லை. கூட்டமும் குறைந்தது. சிலர் உபதேசியாரோடு பேசுவதில்லை, சிலர் நோல்வியாவோடு. பந்தலில் உட்கார ஆள் முறை வைத்தால் ஒருவரும் சரியாக வருவதில்லை. மழைக்காலம் முடிந்ததும் கம்பெனி வேலியைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் போட்டது. பழைய காலமாக இருந்தால் ஊரே திரண்டிருக்கும். இப்போது நாங்கள் ஆளுக்கொரு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தோம். புதுக் கம்பங்களில் சுண்ணாம்புகூட அடித்திருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை நோல்வியா என் கடைக்கு வந்து, கம்பம் நடக் குழி போடும் கடப்பாரை இருக்கிறதா என்று கேட்டாள். அது கனமாக இருக்கும் என்றேன். ஒல்லியான இரும்புக் கம்பி ஒன்று இருந்தது, அதை எடுத்து முனையைக் கல்லில் தீட்டினாள். வேறு நாடுகளில் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார்கள் இப்படித்தான் தேடுகிறார்கள் என்று எங்கோ கேட்டிருக்கிறாள். மண்ணில் கம்பியை இறக்கி, இழுத்து, முனையை முகர்ந்து பார்ப்பார்களாம். கீழே யாராவது இருந்தால் முனையில் வாடை தெரியுமாம். அடலீத் உயிரோடு இருப்பதாகத்தானே சொன்னாய் என்று கேட்டேன்.

"இப்பவும் அதையேதான் சொல்றேன், கொமாத்ரே," என்றாள். "இங்க இல்ல, இங்க இல்லன்னு ஒவ்வொரு எடமா நானே காட்டப்போறேன். அப்ப என்ன சொல்வாங்கன்னு பாப்போம்."

நானும் போனேன். அவளைத் தனியாக விட மனசு வரவில்லை. பாலத்திலிருந்து தொடங்கி ஆற்றின் இந்தக் கரையில் மண் மெத்தென்று இருந்த இடங்களிலெல்லாம் அவள் கம்பியை இறக்கினாள். இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். மண் என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இதே வேலை. சில நாட்களில் உபதேசியார் எங்களுக்குப் பின்னால் தூரத்தில் வருவார். அவள் நட்டுப் பார்த்த இடங்களில் ஒரு குச்சியைச் செருகி அடையாளம் வைப்பார். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை, வராதே என்று சொல்லவும் இல்லை. ஒருநாள் தொர்த்தியா என்ற சோள ரொட்டியில் பீன்ஸ் வைத்துச் சுருட்டி, மூன்றாவதாக ஒன்றையும் ஒரு பாறைமேல் வைத்துவிட்டு வந்தாள். அது யாருக்கென்று நான் கேட்கவில்லை.

அப்படியே போய்ப் போய் ஒருநாள் வேலிக்கு வந்து சேர்ந்தோம். இதற்குமேல் எங்களுக்கு நிலம் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் காவலாளி ஒருவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வானொலியில் பந்தாட்டம் கேட்டுக்கொண்டிருந்தான். மடியில் துப்பாக்கி. எங்கள் ஊர்க்காரன்தான், முதல் நற்கருணை வாங்கியபோது என் கடையில்தான் மெழுகுவர்த்தி வாங்கினான். என்னைப் பார்த்ததும் வானொலியின் சத்தத்தைக் கூட்டினான். அவனுக்கும் எங்களுக்கும் நடுவில், வேலியை ஒட்டி அந்தப் பக்கமாக, ஒரு துண்டு மண் மட்டும் சுற்றியிருந்த தரையைவிடக் கொஞ்சம் தணிந்திருந்தது. புல்லும் அங்கே வேறு பச்சையாக இருந்தது. நான் அதைப் பார்த்தேன். நோல்வியாவும் பார்த்தாள்.

அவள் மண்டியிட்டாள். இரண்டு முள்கம்பிகளுக்கு நடுவே தோள்பட்டை வரை கையை நுழைத்து, கம்பியை அந்த மண்ணில் நட்டு, அழுத்தினாள். சட்டைக் கையில் முள் மாட்டிக் கிழிந்தது. காவலாளி எழுந்து நின்றான். துப்பாக்கியை நீட்டவில்லை, நின்று பார்த்தான். கம்பி சுலபமாக இறங்கியது. இத்தனை நாளில் எங்கேயும் அது அவ்வளவு சுலபமாக இறங்கியதில்லை. பின்னால் உபதேசியாரின் காலடிச் சத்தம் நின்றது.

அவள் கம்பியை மெல்ல இழுத்து எடுத்தாள். முகத்தருகே கொண்டுபோனாள், பாதி வழியில் அவள் கை நின்றுவிட்டது. பிறகு என் பக்கம் நீட்டினாள்.

"நீ பாரு, கொமாத்ரே," என்றாள். "நீ பாத்துட்டுச் சொல்லு. நீ என்ன சொன்னாலும் நம்புறேன்."

நான் கம்பியை வாங்கினேன். அதன் முனையில் ஈரமண் ஒட்டியிருந்தது. வானொலியில் யாரோ கோல் போட்டுவிட்டார்கள் போல, கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. நான் மூச்சை இழுத்தேன். நோல்வியா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.